அவர் உனக்குச் சொல்லச் சொன்ன பதில்

“நீங்களும் மேலேயிருந்து குண்டு போட்டீர்களா, கீழே நிற்கிற மனிதர் உங்களுக்குத் தெரிந்தார்களா என்று இந்தப் பிள்ளை கேட்கிறாள்.” அன்று நான் வேலை பார்த்த வீட்டுப் பெரியவரிடம் சொல்லாமல் விட்டது இதுதான். இத்தாலிய மொழியில் அது என் வாய்க்குள் தயாராகவே இருந்தது. அதை விழுங்கிவிட்டு, “மேகத்துக்குள்ளே போனால் உடுப்பு நனையுமா என்று கேட்கிறாள், புரொபெஸோரெ” என்றேன். நீ எனக்குப் பக்கத்தில், அவருடைய சாய்மனைக் கதிரைக்கு முன்னால் நின்றாய். உனக்குப் பத்து வயது. பலேர்மோவுக்கு வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் மட்டுமே தெரியும். அதனால் நீ கேட்டதை நான் அப்படியே அவரிடம் கொடுத்தேன் என்று நம்பினாய். இத்தனை வருடமும் நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

நாளை மாலை நீ நாப்போலிக்குப் போகும் கப்பலில் ஏறுகிறாய், மகளே. அங்கிருந்து ரயிலில் பொலோஞ்ஞாவுக்கு, சட்டம் படிக்க. துறைமுகத்தில் ஜெசிந்தா மாமியும் கோயில் சனமும் சுற்றி நிற்கும்போது இதைச் சொல்ல முடியாது. வீட்டில் சொல்லலாம் என்று உன் பின்னால் அறைக்கு அறை நடந்தேன். நீ பெட்டியை நிரப்புவதும் திரும்ப வெளியே எடுப்பதுமாக இருந்தாய். நான் கதைப்பதில் கெட்டிக்காரி இல்லை என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவள் நான். வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனால் பிறர் வீட்டு மாபிள் நிலங்களைத் துடைத்து உடம்பு வயதை முந்திக்கொண்டுவிட்டது. களைத்த ஒருத்தி எழுதுகிறாள் என்று நினைத்து வாசி. இதை வடிவாக்க எனக்குப் பலம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாமி எங்கள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் புரொபெஸோரெயைப் பற்றிய நினைவு நிகழ்ச்சி போனது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அவர் ஒரு கையில் தோடம்பழமும் மறு கையில் மெழுகுதிரியுமாக நின்று, பூமி எப்படிச் சுற்றுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்.

“அட, உங்கடை கிழவன்!” என்றார் மாமி. “அந்தக் காலத்திலை வடிவான ஆள்தான், என்ன?”

“வடிவைப் பாத்தே மாமி ஆளை மதிக்கிறது?” என்று நீ கேட்டாய்.

“பின்னை என்னத்தைப் பாக்கிறது? நான் உங்கடை மாமாவிலை குணத்தைப் பாத்தெல்லே கட்டினனான். அதுதான் இண்டைக்கும் வெங்காயத்தைச் சாட்டி அழுறன்.”

நிகழ்ச்சியை நடத்தியவர், போரில் விமானம் ஓட்டிய ஒருவர் பிறகு வானத்திலிருந்து இறங்கிவந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தார் என்று உருகினார். நீ கம்பளிச் சட்டையை மடித்தபடியே, “கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தவராம்” என்றாய். “நான் அவரிட்டை நேரை ஒரு கேள்வி கேட்டனான். கேத்திலைத் தூக்கிக் காட்டினவர். கோழை மனுசன். உங்களுக்கு ஞாபகமிருக்கோ, அம்மா?”

“ஓம், ஞாபகமிருக்கு” என்று மட்டும் சொன்னேன். மாமி இருந்தார். அதைவிட, உன் குரலில் இருந்த அந்த வெறுப்பு பழசு என்பதைக் கேட்டுத் திகைத்துப்போனேன்.

ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். சிலது உனக்குத் தெரிந்ததுதான். லிபெர்த்தா வீதியில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் நான் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தபோது நீ யாழ்ப்பாணத்தில் அப்பாவோடு இருந்தாய். அவரைத் தெருவில் இரண்டு விதமாகக் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் ‘புரொபெஸோரெ’, பேராசிரியர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் படிப்பித்ததில்லை. அவருடைய வயதுக்காரர்களுக்கு அவர் ‘கொமாந்தாந்தெ’, தளபதி. பழக்கடைக்காரன் தோடம்பழம் நிறுக்கும்போது ஒன்றைக் கூடப் போட்டு, “இது சாப்பிட இல்லை, சூரியனுக்கு” என்பான். அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார். யாராவது வீட்டுக்கு வந்தால் முகத்தின் இடது பக்கம் தெரிய உட்காருவார், கமரா அந்தப் பக்கம்தான் இருந்ததாம். கொஞ்சம் பெருமைக்காரர். சூப்பில் உப்புக் குறைந்தால் ஏன் குறைந்தது என்று அரை மணித்தியாலம் விளக்குவார். ஆனால் கையை ஓங்காத, குரலை உயர்த்தாத மனிதர். நாங்கள் வேலை செய்கிற வீடுகளில் அது எவ்வளவு அரிது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உன் அப்பா பாண் வாங்கப் போன காலையில்தான் குண்டு போடும் பொம்மர் வந்தது. அவர் பழக்கியபடி நீ மேசைக்குக் கீழே போயிருந்தாய். மேசை நின்றது. கடைத்தெரு நிற்கவில்லை. செய்தி எனக்குக் கோயில் தொலைபேசியில் வந்தது. பாதர்தான் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கும் நான் புரொபெஸோரெக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு உன்னை எடுக்க அலைந்த அலைச்சலை எழுத மாட்டேன், அது முடிந்துவிட்டது. நீ வந்து இறங்கிய அன்று, “பிளேனிலை பயந்தனியோ குஞ்சு?” என்று கேட்டேன். நீ என்னை ஒரு விதமாகப் பார்த்தாய். “உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்கு என்ன பயம், அம்மா? கீழை நிக்கிறவைக்குத்தானே” என்றாய்.

உன்னை அந்த வீட்டில் என்னோடு வைத்திருக்கச் சம்மதித்தது அவருடைய மகள், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டவர். கெட்டவர் இல்லை. ஆனால் சமையலறையில் என்னை இருத்திவைத்துத் தெளிவாகச் சொன்னார்: “குழந்தை இருக்கலாம். ஒரே ஒரு விசயம். அப்பாவிடம் யாரும் போரைப் பற்றிக் கதைக்கக்கூடாது. முன்பு பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து கேட்டான், அன்று பின்னேரமே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அவருடைய இதயம் தாங்காது. அப்படி ஏதாவது நடந்தால் நீங்கள் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.” வேறு இடம் என்றால் எனக்கு வேலையும் இல்லை, அறையும் இல்லை, இங்கே தங்கும் அனுமதியை, பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வழியும் இல்லை. உன்னைத் திரும்ப அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது என்பதைத்தான் நான் யோசித்துப் பார்க்கவே மறுத்தேன்.

அது மாஃபியா நீதிபதிகளைக் கொன்றதால் பலேர்மோவின் தெருமுனைகளில் ஆமிக்காரர் நின்ற வருடம். நீ அவர்களைப் பொருட்படுத்தவில்லை, துவக்கோடு நிற்கிறவர்களுக்குப் பக்கத்தால் நடந்து பழகியவள். ஹெலிகொப்டர்தான் உன்னை ஆட்டியது. அந்த நாட்களில் அது நகரத்துக்கு மேலே அடிக்கடி சுற்றும். சத்தம் கேட்டவுடன் சிஞ்ஞோராவின் பெரிய சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விடுவாய், தட்டும் கையுமாக. நான் அள்ளிக்கொண்டு வர, நீ மரம்போல விறைத்திருப்பாய். சிஞ்ஞோரா வருவதற்குள் உன்னை வெளியே எடுத்துத் தலை வாரி இழுத்துவிடுவதே எனக்கு ஒரு தனி வேலையாக இருந்தது.

புரொபெஸோரெ விமானம் ஓட்டியவர் என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை. கீழே கட்டடத்தின் வாசலைக் காத்த தொத்தோதான் சொன்னான், அதுவும் பாஷை இல்லாமல். உன்னைச் சிரிக்கவைக்க நினைத்தான், பாவம். மேல்மாடியைச் சுட்டி “கொமாந்தாந்தெ!” என்றான், இரண்டு கையையும் விரித்து முற்றத்தைச் சுற்றி ஓடினான், வாயால் இரைந்தான், பிறகு குனிந்து “பூம், பூம்” என்று தரையைக் காட்டினான். மூச்சு வாங்க நின்று நீ கைதட்டுவாய் என்று பார்த்தான். நீ என் கையை விட்டுவிட்டு நேரே படியேறினாய். நான் மரக்கறிப் பையோடு பின்னால் ஓடிவந்தேன். நான் வந்து சேர்ந்தபோது நீ அவருடைய அறையில் அவருக்கு முன்னால் நின்றாய்.

“அம்மா, இவரும் மேலையிருந்து போட்டவரோ எண்டு கேளுங்கோ.”

“பிள்ளை, பிறகு கதைப்பம். வா.”

“கேளுங்கோ அம்மா. கீழை நிக்கிற ஆக்கள் தெரியுமோ எண்டும் கேளுங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைகளைக் கண்டால் அவருக்கு முதுகு நிமிரும். “கேட்கட்டும், கேட்கட்டும். என்ன கேட்கிறாள்?” என்றார். அடுத்த அறையில் சிஞ்ஞோரா தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. நான் மேகத்தைப் பற்றிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கிறது. அவர் சந்தோசத்தில் துள்ளினார். கேத்திலைக் கொதிக்கவைத்துக் கொண்டுவரச் சொன்னார், குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்ந்த ஒரு பெரிய கரண்டியும் கேட்டார். ஆவிக்கு மேலே கரண்டியைப் பிடித்து, முகத்தின் இடது பக்கத்தை உனக்குத் திருப்பி, எப்படி நீர் திரள்கிறது, எப்படிக் கனக்கிறது, எப்படி விழுகிறது என்று காட்டினார். துளி விழுந்தபோது “எக்கோ!” என்றார், இதோ பார் என்று. நான் ஒவ்வொரு சொல்லையும் உனக்கு மொழிபெயர்த்தேன். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. நீ சமையலறைக்கு வந்து, “அவர் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை” என்றாய். பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் நீ கதைக்கவில்லை. சிறுபிள்ளை, மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். உன் வயதில் நான் என்னென்ன மறக்காமல் வைத்திருந்தேன் என்பதை அப்போது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

நான் இதை மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அந்த அறையில், அந்தக் கதவு திறந்திருக்க, இன்றைக்கும் நான் மேகத்தைத்தான் சொல்வேன். உனக்கும் இது புரியாத விசயம் இல்லை. சீசாப் பகுதியில் முதல் வீடு பார்க்கப் போன நாளை நினைத்துப்பார். வீட்டுக்காரர், எங்களோடு துணைக்கு வந்த ஜெசிந்தா மாமியின் முகத்துக்கு நேரே, இந்தச் சனம் சமைத்தால் சுவரை இடித்துத்தான் மணத்தை எடுக்க வேண்டும் என்றார். “என்னவாம் பிள்ளை?” என்று மாமி கேட்டார். “காத்தோட்டம் நல்லாயிருக்கு, ஜன்னலைத் திறந்து வைச்சுச் சமைக்கட்டாம்” என்று நீ சொன்னாய். மாமி அந்த மனிதருக்கு நன்றி சொல்லி, அடுத்த கிழமை கோழிக்கறியும் கொடுத்தனுப்பினார். பாத்திரம் கழுவி வந்ததா என்றுகூட நீ பார்த்தாய். எங்களுக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவள் அந்த இருவரையும்விடத் தனியாகத்தான் நிற்கிறாள், மகளே. பொலோஞ்ஞாவில் நீ படிக்கப்போகிற படிப்பில் ஆட்களின் வாக்குமூலங்களை வாசிப்பாய். ஒருவர் பதில் சொல்லாமல் இருந்தார் என்று கண்டால், கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பார். உனக்கு நான் தருகிற புத்திமதி இவ்வளவுதான். கம்பளிச் சட்டையை ஈரத்தோடு போடாதே என்பதை மாமி சொல்லிவிட்டார்.

இனி உனக்குத் தெரியாத பகுதி. அதே வருடம் மாரிகாலத்தில் ஒரு காலை, நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடத்தில். சிஞ்ஞோரா வெளியே போயிருந்தார். கன்னம் முழுக்க நுரையோடு அவர் சொன்னார்: “உங்கள் மகள் அன்று மேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.”

நான் கத்தியைக் கழுவினேன்.

“மேகத்தைப் பற்றிக் கேட்கிற பிள்ளை கேத்திலைப் பார்க்கும். அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவன் நான்! என் மகள் உங்களுக்கு என்ன கட்டளை போட்டிருக்கிறாள் என்றும் தெரியும். அவள் இப்போது வீட்டில் இல்லை. என்ன கேட்டாள்?”

சொன்னேன். நீ கேட்ட இரண்டையும், நீ கேட்ட ஒழுங்கிலேயே சொன்னேன். அவருடைய மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மருந்துக் குளிசை அலமாரியின் எந்த லாச்சியில் இருக்கிறது என்று மனதுக்குள் தேடினேன். நுரை காயத் தொடங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“ஆம் என்று சொல்லுங்கள்” என்றார். “நான் இளைஞனாக இருந்தேன் என்று சொல்லாதீர்கள், கட்டளை என்றும் சொல்லாதீர்கள். அதை அவளுக்குச் சொல்ல வேறு ஆட்கள் இருப்பார்கள். மால்டாத் தீவு இங்கிருந்து பக்கம். புறப்பட்டுப் போய்க் குண்டு போட்டுவிட்டு வந்து காப்பி குடிப்போம், வைத்துவிட்டுப் போன காப்பி இன்னும் சூடாக இருப்பதுபோல இருக்கும். உயரத்திலிருந்து மனிதர் தெரிய மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் மேகம் தாழ்ந்திருந்தது, நாங்களும் தாழ்ந்து போனோம். மொட்டைமாடிகளில் காயப்போட்ட துணிகள் தெரிந்தன. துணி காய்கிற வீட்டில் யார் இருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் போட்டேன். இதை அவளுக்குச் சொல்லுங்கள்.” மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் பாதிச் சவரத்தோடு அவரை விட்டுப் போயிருப்பேன். அவர் கேட்டிருக்க வேண்டியது மால்டாவில் யாரோ ஒருத்தியிடம், என்னிடம் இல்லை. மற்றக் கன்னத்தையும் வழித்துவிட்டு, துவாயால் துடைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் நீ வந்தாய். நான் சொல்லவில்லை. சொன்னால் நீ அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். உன்னைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஓர் அறை இருக்கவில்லை. அடுத்த நாள் அவர், “சொன்னீர்களா?” என்று கேட்டார். “சொன்னேன், புரொபெஸோரெ.” “என்ன சொன்னாள்?” “ஒன்றும் சொல்லவில்லை.” அவர் தலையசைத்தார். அதன்பின் அவர் அந்தக் கதையை என்னிடமோ உன்னிடமோ எடுக்கவில்லை. நீ இத்தாலிய மொழி பேசத் தொடங்கிய பிறகும் எடுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது சொல்லி முடிந்த விசயம்.

அந்த வீட்டில் ஹீட்டர் இருந்தது அவருடைய அறையில் மட்டும். குளிர் கூடிய நாட்களில் பள்ளிக்கூடக் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு நீ அங்கே போய் நிலத்தில் இருந்து எழுதுவாய். அவர் வானொலியை நிறுத்திவிட்டு உன்னைக் குழப்பாமல் அசையாது உட்கார்ந்திருப்பார், முகத்தின் எந்தப் பக்கம் தெரிகிறது என்றுகூடப் பார்க்காமல். நீ சூட்டுக்காக வந்தாய். அவர், தன் பதிலைக் கேட்டுவிட்டும் இந்தப் பிள்ளை வருகிறாள் என்று நினைத்தார். ஒருமுறை என்னிடம், “இன்றைக்கும் வந்தாள்” என்று மெதுவாகச் சொன்னார். நான் அவருக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டேன். மூன்றாவது மாரியில் அவர் அந்தக் கதிரையிலேயே இறந்தார். மாத முடிவில் சிஞ்ஞோரா வீட்டைப் பூட்டினார், நாங்கள் சீசாவுக்கு வந்தோம். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்து அவருடைய பதிலை நானே வைத்துக்கொண்டேன், இன்றுதான் அது உன்னிடம் வந்து சேருகிறது.